பேரேட்டில் வராத அருவி

நண்பர் ஒருவர் ஸ்காட்லாந்து போய்த் திரும்பினார். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அந்தச் சாக்கில் தம்பதி சமேதராக மூன்று வாரம். வந்ததும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, செல்போனை டி.வி.யில் இணைத்து, எண்ணூறு போட்டோக்களைக் காட்டினார். தப்பிக்க வழியில்லை. காபி கொடுத்துவிட்டார்கள்.

லாக் நெஸ் ஏரி வந்தது. அதில் இருப்பதாகச் சொல்லப்படும் பிராணி வரவில்லை. அடுத்து ஒரு பள்ளத்தாக்கு. பாசி படர்ந்த கரும்பாறை, சுற்றிலும் மரங்கள், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

"இதுதான் ஃபோயர்ஸ் அருவி. அந்தக் காலத்துல கவிஞர்கள் எல்லாம் தேடி வந்து பாட்டெழுதின இடமாம். நல்லாப் பாருங்க. எங்க அபார்ட்மென்ட் ஓவர்ஹெட் டேங்க் நிறைஞ்சா இதைவிட ஜோரா வழியும்" என்றார்.

"அத்தனை படி இறங்கி ஏறினதுக்கு என் முட்டிதாண்ணா அழுதுச்சு" என்றார் அவர் மனைவி.

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் போன நேரத்தில் மழை இல்லை என்பது உண்மை. நல்ல மழைக்குப் பிறகு இன்றும் அந்த அருவி மிரட்டும் என்கிறார்கள். ஆனால் அது மெலிந்துபோனதற்கு மூல காரணம் வானம் அல்ல. சுமார் 130 வருஷத்துக்கு முன் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரம்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்கிறார்களோ, அதன் மீது எனக்கு இருக்கும் புகாரையும் சொல்கிறேன்.

*

லாக் நெஸ் ஏரியின் கிழக்குக் கரையில் வந்து விழுகிற சிறிய ஆறு ஃபோயர்ஸ். அருவி இரண்டு தட்டாக விழும். கீழ்த்தட்டு மட்டும் சுமார் 140 அடி. அந்த மண்ணின் பழைய மொழியான கேலிக்கில் இதற்குப் 'புகையும் அருவி' என்ற அர்த்தத்தில் பெயர். கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள்படும் ஹொகேனக்கல் ஞாபகத்துக்கு வருகிறதா? சாரல் எங்கே பறந்தாலும் மனுஷ மனசுக்கு ஒரே உவமைதான் தோன்றும் போலிருக்கிறது.

1773-ல் டாக்டர் ஜான்சன், அகராதி எழுதினாரே அவர்தான், இங்கே வந்தார். கோடை நீண்டு ஆறு வற்றியிருந்தது. ஏமாந்துபோய், இயற்கை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தராது என்று தத்துவமாக எழுதிவிட்டுப் போனார். ஆக, நம் நண்பருக்கு முன்னாலேயே ஒரு பெரிய மனிதர் இதே இடத்தில் அலுத்துக்கொண்டிருக்கிறார். 1787-ல் ராபர்ட் பர்ன்ஸ் வந்தார். அவருக்கு அதிர்ஷ்டம். அருவி முழு வேகத்தில் இருந்தது. கவிதை பிறந்தது. 1822-ல் கலிடோனியன் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் ஓட ஆரம்பித்ததும் சுற்றுலாக்காரர்கள் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக்கு வந்தவர்கள் பார்த்தே தீர வேண்டிய பட்டியலில் ஃபோயர்ஸ் இருந்தது.

இந்த இடத்தில் வில்லன் வர வேண்டும். வில்லன் பெயர் அலுமினியம்.

சிரிக்காதீர்கள். இன்று பொட்டலம் மடிக்கிற ஃபாயில் அன்றைக்கு ராஜ வம்சத்துச் சரக்கு. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது, உச்சியில் மூன்று கிலோவுக்கும் குறைவான ஓர் அலுமினியக் கூம்பைப் பெருமையாக வைத்தார்கள். பூமியில் அலுமினியத்துக்குப் பஞ்சம் இல்லை. மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதுதான் பாடு. 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்ஸில் பால் எரூ என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுமினா என்ற வெள்ளைப் பொடியை கிரையோலைட் என்ற உருகிய உப்பில் கரைத்து, அதற்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் உலோகம் அடியில் தங்கும்.

நிறைய மின்சாரம். இன்றைய நவீன ஆலையிலேயே ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் ஆகிறது. அன்றைக்கு இன்னும் அதிகம். இந்த உலோகத்துக்கு 'கெட்டியான மின்சாரம்' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. மலிவாக மின்சாரம் எங்கே கிடைக்கும்? தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற இடத்தில். அதனால் அலுமினியக் கம்பெனிகள் அருவிகளைத் தேடிப் புறப்பட்டன. சுவிட்சர்லாந்தில் ரைன் அருவி. அமெரிக்காவில் நயாகரா. பிரிட்டனில் ஃபோயர்ஸ்.

1894-ல் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனி தொடங்கப்பட்டது. ஃபோயர்ஸ் எஸ்டேட்டை விலைக்கு வாங்கியது. மேலே இருந்த இரண்டு ஏரிகளை அணை கட்டி ஒன்றாக்கியது. இன்றைக்கு அதற்கு லாக் மோர் என்று பெயர். அருவிக்குப் போக வேண்டிய தண்ணீர் குழாய்க்குள் போனது. 1896-ல் ஏரிக்கரை ஆலையில் அலுமினியம் உருகியது. அயர்லாந்தின் லார்ன் நகரிலிருந்து அலுமினா வந்தது. ஆலோசகராக இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. லார்டு கெல்வின்! பிளஸ் டூ இயற்பியலில் நம்மைப் படுத்தியவர்.

*

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. 1895 ஜனவரியில் இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பிறந்தது. அழகான இடங்களையும் பழைய கட்டடங்களையும் நாட்டுக்காகக் காப்பாற்றுவது அதன் வேலை. பிறந்த குழந்தை கையிலெடுத்த ஆரம்பகாலச் சண்டைகளில் ஒன்று ஃபோயர்ஸ். அமைப்பின் முதல் தலைவர் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு. பிரிட்டனின் மகா பணக்காரர்களில் ஒருவர். லண்டன் பத்திரிகைகளில் கடிதங்கள் பறந்தன. காட்டுமிராண்டித்தனம் என்றார்கள்.

தோற்றுப்போனார்கள். காரணம் எளிமையானது. நிலமும் தண்ணீர் உரிமையும் கம்பெனிக்குக் கிரயம் ஆகிவிட்டன. தன் சொத்தில் தான் செய்வதை யார் தடுக்க முடியும்? சுற்றுச்சூழல் அனுமதி, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாம் இன்று சொல்கிற எதுவும் அன்றைக்குக் கிடையாது. ஒரு பிரபுவின் கோபம்கூட அந்தப் பத்திரத்துக்கு முன் செல்லாக்காசு.

கதையை வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவார்கள். அழகை விரும்பிய நல்லவர்கள், பணத்தை விரும்பிய கெட்டவர்கள், கடைசியில் கெட்டவர்கள் ஜெயித்தார்கள். நம் சினிமா இன்டர்வெல் மாதிரி. என் புகார் இங்கேதான் ஆரம்பம்.

முதல் புகார் எதிர்த்தவர்கள் மீது. ஃபோயர்ஸ் விஷயத்தில் பெரிய குரல் மலைநாட்டுக்குள்ளிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வந்தது. ஏன் என்று புரிய மலைநாட்டின் கணக்கு வழக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து நூறு வருஷம், அங்கே நிலப்பிரபுக்கள் குடியானவர்களைக் கிராமம் கிராமமாகக் காலி செய்தார்கள். முதலில் செம்மறி ஆடு மேய்க்க. பிறகு சீமான்கள் மான் வேட்டையாட. ஜனங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியிருப்பு உரிமையைத் தந்த சட்டமே 1886-ல்தான் வந்தது. அலுமினியக் கம்பெனி வருவதற்கு எட்டு வருஷம் முன்னால்!

ஆக, சுற்றுலாக்காரர் மெய்மறந்து பார்த்த அந்த 'ஆளரவமற்ற இயற்கை' பல இடங்களில் தானாக அமைந்ததல்ல. ஆட்களைத் துரத்தி ஆளரவம் இல்லாமல் ஆக்கியது. வீட்டைக் காலி செய்தபோது லண்டன் சீமான்களில் எத்தனை பேர் கடிதம் எழுதினார்கள்? அருவியைக் காலி செய்தபோது மட்டும் பேனா எப்படித் திறந்தது? சம்பளம் தருகிற ஓர் ஆலை வருகிறது என்றால், பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுத் தவித்த தகப்பன் அதை வேண்டாம் என்பானா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அருவிக்காக அழுகிற கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

*

இரண்டாவது புகார் கம்பெனிக்காரர்கள் மீது. இவர்களுக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. 'வீண்'.

ஃபோயர்ஸ் வேலைகள் நடந்த அந்தக் காலத்திலேயே லார்டு கெல்வின் நயாகராவைப் பற்றி ஒரு ஆசையைச் சொன்னார். மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் முழுவதும் இயந்திரங்கள் வழியாகவே கீழே இறங்குகிற நாள் வர வேண்டும் என்று. சும்மா விழுகிற தண்ணீர் அவருக்கு உறுத்தியது. அவர் கெட்டவர் இல்லை. நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிய நாட்டில், புகையில்லாத மின்சாரத்தை முன்கூட்டியே பார்த்த மேதை.

ஆனால் வீண் என்பது யார் பார்வையில்? எனக்கு இந்தச் சொல் பழக்கமானது. நான் படித்தது பி.காம். முதல் வருஷமே கணக்குப் பதிவியலில் ஒரு பாடம். காசு கொடுத்து வாங்கினால்தான் அது சொத்து. வாங்காத எதற்கும் பேரேட்டில் இடமில்லை. காற்று, வெயில், ஆற்றின் ஓசை எல்லாம் 'இலவசப் பொருள்கள்'. இலவசத்துக்கு மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழித்தாலும் நஷ்டம் தெரியாது.

கம்பெனியின் பேரேட்டில் நிலத்துக்கு ஒரு பக்கம் இருந்திருக்கும். டர்பைனுக்கு ஒரு பக்கம். வருஷா வருஷம் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதியிருப்பார்கள். அருவிக்குத் தேய்மானம்? அப்படி ஒரு கணக்குத் தலைப்பே கிடையாது. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. ஆடிட்டர் கையெழுத்துப் போடலாம். ஆனால் உலகத்தில் இருந்த ஒன்று குறைந்துவிட்டது.

ஆலை 71 வருஷம் ஓடியது. 1967-ல் மூடினார்கள். அதே மலைநாட்டில் அதைவிடப் பெரிய ஆலைகளைக் கம்பெனி எப்போதோ கட்டிவிட்டது. கின்லாக்லெவனில் 1909-ல், ஃபோர்ட் வில்லியமில் 1929-ல். அந்தக் கணக்கில் ஃபோயர்ஸ் சின்னப் பையன். இடையில் 71 வருஷம் அந்தக் கிராமத்துக்குச் சோறு போட்டது என்பதையும் வரவில் எழுதத்தான் வேண்டும்.

ஆலை போனபின் அருவி திரும்பி வந்ததா? இல்லை. 1970-களில் மின்வாரியம் லாக் மோர் ஏரியையும் லாக் நெஸ் ஏரியையும் சேர்த்து 300 மெகாவாட் நிலையம் அமைத்தது. தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிற ஏற்பாடு. ஆகவே தண்ணீர் குழாயிலேயே தங்கிவிட்டது. ஆலை என்பது ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை. திருப்பிவிட்ட ஆறு அதற்குப் பிறகும் திருப்பிவிட்டதுதான். கையெழுத்துப் போடும்போது இதை யாரும் சத்தமாகப் படித்துக் காட்டுவதில்லை.

*

இப்போது ஐம்பது வருஷம் தாண்டி இன்னோர் அருவி.

நடுவில் சுருக்கமாக ஒரு விஷயம். 1936, 37, 38 என்று மூன்று முறை, மலைநாட்டில் கலிடோனியன் பவர் என்ற பெரிய நீர்மின் திட்டத்துக்கான மசோதா பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு வந்தது. மூன்று முறையும் தோற்றது. அழகை விரும்பியவர்கள், மீன்பிடி உரிமைக்காரர்கள், நிலப்பிரபுக்கள் எதிர்த்தார்கள் சரி. கூடவே நிலக்கரி முதலாளிகளும் எதிர்த்தார்கள். நிலக்கரிக்கு இயற்கை மேல் என்ன திடீர்க் காதல்? போட்டி மின்சாரம் வரக் கூடாது, அவ்வளவுதான். ஓர் எதிர்ப்பு ஊர்வலத்தில் யார் யார் நடக்கிறார்கள் என்று பார்க்காமல் கோஷத்தை மட்டும் கேட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

1943. உலகப் போர் நடக்கிறது. ஸ்காட்லாந்து அமைச்சராக இருந்தவர் டாம் ஜான்ஸ்டன், பழைய பத்திரிகைக்காரர், சோஷலிஸ்ட். ஒரு சட்டம் கொண்டுவந்தார். மலைநாட்டின் தண்ணீரைத் தனியார் கையில் விடாமல் ஒரு பொது வாரியம் எடுக்கும். மின்சாரம் முதலில் அங்கே வாழும் சாதாரண ஜனங்களுக்கு. வாரியம் அந்தப் பகுதியின் பொருளாதார, சமூக மேம்பாட்டுக்கும் துணை நிற்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார். தேவை எவ்வளவு இருந்தது என்றால், 1948 கணக்குப்படி மலைநாட்டில் ஆறு பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். குடியானவர்களின் சிறு நிலங்களில் நூற்றுக்கு ஒன்று.

எவ்வளவு நியாயமான திட்டம்! யார் எதிர்ப்பார்கள்?

பிட்லாக்ரி எதிர்த்தது. இந்த முறை உள்ளூரே எதிர்த்தது. பெர்த்ஷையர் மலையடிவாரத்தில் இருக்கிற அழகான சுற்றுலா ஊர். டம்மல், கேரி என்ற இரண்டு ஆறுகள் சேருமிடத்துக்குப் பக்கம். அங்கே டம்மல் அருவி. 1844-ல் விக்டோரியா ராணி வந்து பார்த்ததற்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். 1945-ல் வாரியம் டம்மல்-கேரி திட்டத்தை அறிவித்ததும் ஊர் கொதித்தது. எங்கள் பிழைப்பே இந்த ஆறும் அருவியும்தான், அணை கட்டினால் எவன் வருவான் என்றார்கள். வாரியத்து ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று சில ஹோட்டல்களில் போர்டு மாட்டியதாகக்கூடச் சொல்வார்கள்.

ஃபோயர்ஸுக்குக் கிடைக்காத ஒன்று பிட்லாக்ரிக்குக் கிடைத்தது. பொது விசாரணை. சட்டப்படி இயற்கை அழகுக்கு ஒரு குழு, மீன்வளத்துக்கு ஒரு குழு. எதிர்ப்பவர் வக்கீல் வைத்துப் பேசலாம். எல்லாம் பேசி முடித்தபின் திட்டம் அனுமதிக்கப்பட்டது. குழுக்கள் ஆலோசனைதான் சொல்லலாம், தடுக்க முடியாது. கதவைத் தட்டலாம், உள்ளேயிருப்பவர் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அணை எழுந்தது. ஃபாஸ்கலி என்ற புது ஏரி பிறந்தது. டம்மல் அருவிக்கு இரண்டு பக்க அடி. மேலே க்ளூனி அணை தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பிக்கொண்டது. கீழே ஏரி நீர்மட்டத்தை உயர்த்தி, அருவியின் உயரத்தை விழுங்கியது. பிறகு அதன் பெயரையே மாற்றிவிட்டார்கள். 'டம்மல் ஃபால்ஸ்' போய் 'டம்மல் லின்' ஆனது. லின் என்றால் மடு என்றும் அர்த்தம் சொல்லலாம். உத்தியோகத்தில் பதவி இறக்கம் மாதிரி, அருவிக்கு ஒரு பதவி இறக்கம்.

க்ளூனி சுரங்கம் தோண்டும்போது ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கத்தின் அதே அளவில் ஒரு கான்கிரீட் வளைவை அவர்கள் நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஸ்விட்சுக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல சிற்பம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பிட்லாக்ரி பயந்தது நடந்ததா? இங்கேதான் கதை நம்மைக் கேலி செய்கிறது. சுற்றுலாக்காரர்கள் ஓடிப்போகவில்லை. அணையைப் பார்க்கவே வந்தார்கள். சால்மன் மீன் ஆற்றை எதிர்த்து ஏறி முட்டையிடப் போகும். அணை வழியை மறித்ததால், 310 மீட்டர் நீளத்தில் 34 தொட்டிகளைப் படிப்படியாக அமைத்து மீனுக்கு ஏணி கட்டினார்கள். மீன் ஏணி ஏறுவதைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். 2017-ல் அங்கே பார்வையாளர் மையமே திறந்தாயிற்று. இப்போது யாராவது அணையை இடிக்கிறேன் என்று கிளம்பினால், எதிர்க்க முதல் ஆளாக பிட்லாக்ரிதான் நிற்கும்.

*

இதைக் கேட்டதும் ஒரு கட்சி துள்ளிக் குதிக்கும். "பாத்தீங்களா! அப்ப கத்தினவங்க எல்லாம் இப்ப எங்கே? வளர்ச்சின்னா முதல்ல இப்படித்தான் எதிர்ப்பாங்க. அப்புறம் பழகிடும்."

மன்னிக்கவும். நான் எடுக்கிற முடிவு அது இல்லை.

பழகிவிட்டது என்பது நியாயம் ஆகாது. பழைய அருவியைப் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லாததால் யாரும் ஏங்கவில்லை. நம் நண்பர் ஃபோயர்ஸில் ஏங்கினாரா? டேங்க் வழிகிறது என்று ஜோக் அடித்தார். இழந்தது என்னவென்று தெரியாதவனிடம் ஓட்டெடுத்தால், நஷ்டம் இல்லை என்றுதான் முடிவு வரும்.

அடுத்து, எதிர்ப்பு வீணாகவில்லை. அருவியை அது காப்பாற்றவில்லை, உண்மை. ஆனால் ஃபோயர்ஸில் கேட்க ஆளில்லாமல் போன கேள்விகள், 1943 சட்டத்தில் குழுக்களாகவும் விசாரணையாகவும் உள்ளே வந்தன. அழகுக்கும் மீனுக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. ஆற்றில் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது பேச்சுவார்த்தைப் பொருளானது. க்ளென் ஆஃப்ரிக் பள்ளத்தாக்கைப் பாருங்கள். முதலில் வந்த திட்டங்கள் 1929-லும் 1941-லும் நிராகரிக்கப்பட்டன. கடைசியில் வாரியம் கட்டியபோது, ஆஃப்ரிக் ஏரியின் மட்டத்தைத் தொடாமல் கட்டியது. 'வேண்டாம்' என்று உரக்கச் சொன்னவர்களால்தான் 'இப்படிச் செய்யலாமே' பிறந்தது.

வாரியம் என்ன செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சுமார் இருபது வருஷத்தில் 54 மின் நிலையங்கள், 78 அணைகள். விளக்கே இல்லாத பள்ளத்தாக்குகளுக்கு விளக்கு வந்தது. டம்மல் அருவியைக் கொடுத்து வாங்கியது ஒரு கிழவியின் அடுக்களை வெளிச்சம் என்றால், அந்தப் பேரத்தை என்னால் ஒரேயடியாகத் திட்ட முடியவில்லை. ஃபோயர்ஸைக் கொடுத்து வாங்கியது ஒரு கம்பெனியின் டிவிடெண்டும் கொஞ்சம் பேரின் சம்பளமும். இரண்டும் ஒன்றல்ல. 1991-ல் அந்தப் பொது வாரியமே தனியார்மயம் ஆனது என்பது இந்தக் கணக்கின் கடைசி வரி. ஜனங்களின் பெயரைச் சொல்லி எடுத்த தண்ணீர், ஷேர் மார்க்கெட்டில் போய் நின்றது.

ஆகவே 'அழகா, தொழிலா' என்ற பட்டிமன்றத் தலைப்பே தவறு என்கிறேன். சாலமன் பாப்பையா தீர்ப்புச் சொன்னாலும் தீராது. கேட்க வேண்டியவை மூன்று. யாருக்குச் சொந்தமானதை யார் விற்றார்கள்? வருகிற லாபம் இழக்கிறவனுக்குப் போகிறதா, வேறு எங்காவது போகிறதா? ஆலை மூடுகிற நாளில் எது மிஞ்சும்?

1895-ல் முதல் கேள்விக்கே பதிலில்லை. 1945-ல் இரண்டாவது வரைக்கும் வந்தார்கள். மூன்றாவதில் இன்னும் எல்லோரும் திணறுகிறோம்.

*

திணறல் முடியவில்லை. 2019-ல் மலைநாட்டின் க்ளென் எடிவ் பள்ளத்தாக்கில் ஏழு சிறிய நீர்மின் திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தபோது, மலையேறுபவர்களும் ஆற்றில் படகு விடுபவர்களும் போராடினார்கள். லாக் நெஸ் கரையிலேயே, தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் புதிய நிலையம் ஒன்றுக்கு 2021-ல் அனுமதி ஆயிற்று. இந்த முறை வில்லனே இல்லை. காற்றாலை மின்சாரத்தைச் சேமித்து வைக்க, பூமி சூடாவதைக் குறைக்க என்கிறார்கள். அதுவும் பொய் இல்லை. எதிர்ப்பவரும் பசுமை, கட்டுபவரும் பசுமை. இங்கேதான் அந்த மூன்று கேள்விகள் கண்டிப்பாகத் தேவைப்படுகின்றன. நல்ல நோக்கம் என்பதற்காக யாருக்கும் பேரேட்டைத் திறந்து காட்டுவதிலிருந்து விலக்கு கொடுக்க முடியாது.

ஸ்காட்லாந்து சங்கதி நமக்கெதற்கு என்று ஒரு வாசகர் கார்டு போடுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபோயர்ஸ் ஆலை ஓட ஆரம்பித்த இரண்டொரு வருஷத்தில், சென்னை எழும்பூர் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர், நம் கன்னார்களை வைத்து அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். பித்தளைக்கும் செம்புக்கும் மலிவான மாற்று. வியாபாரம் பிடித்துக்கொண்டது. உலோகம் மட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இந்தியாவில் அலுமினியம் உருக்க ஆரம்பித்ததே 1943-ல், கேரளத்தின் அலுபுரத்தில். அதுவரை நம் பாட்டிமார் சோறு வடித்த ஒவ்வொரு அலுமினியக் குண்டானுக்குள்ளும் எங்கோ ஒரு வெளிநாட்டு மின் நிலையம் ஓடியிருக்கிறது. அது ஃபோயர்ஸா, ரைனா, நயாகராவா என்று குண்டானில் எழுதியிருக்காது. நாமும் கேட்டதில்லை. ஆகவே பிரபுக்களையும் கம்பெனியையும் திட்டிவிட்டு நான் மட்டும் நல்லவனாக எழுந்து போக முடியாது.

நண்பருக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அப்ப நான் பாத்தது அருவி இல்லையா?" என்றார்.

"மிச்சம்" என்றேன்.

பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சொன்னார்: "மிச்சமே அவ்வளவு ஆழத்துல இருந்துச்சுண்ணா. முழுசா இருந்தப்ப எப்படி இருந்திருக்கும்!"

130 வருஷத்துக்கு முன்னால் கணக்கு எழுதியவர்கள் கேட்க மறந்த கேள்வி அது.